நகரச் சொல்லாதவர்

ஒரு தடவை மேடமும் நானும் கள்ளக்குறிச்சியிலிருந்து சென்னைக்குப் போனோம். முன்பதிவு செய்த பஸ். எங்கள் இரண்டு இருக்கைகளிலும் ஒரு கணவன் மனைவி உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மேடம் கையிலிருந்த சீட்டைப் பார்த்தார், இருக்கை எண்ணைப் பார்த்தார், அந்த அம்மாளின் மடியிலிருந்த புளிசாதத்தைப் பார்த்தார். பிறகு மேலே இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். நான் "ஏங்க" என்று வாயெடுத்ததும் என் முழங்கையைத் தொட்டு, "சாப்ட்டு முடிக்கட்டும் தம்பி" என்றார். அவர்கள் சாப்பிட்டு முடித்தார்கள், ஜன்னல் வழியாகக் கை கழுவினார்கள், ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூங்கினார்கள். கண்டக்டரைக் கூப்பிடவும் அவர் என்னை விடவில்லை. விழுப்புரம் வரை நின்றோம். அங்கே இறங்கும்போது அந்த ஆள், "உக்காருங்க, எடம் காலியாவுது" என்று பெரிய மனசு பண்ணிச் சொல்லிவிட்டுப் போனார். மேடம் அவருக்கு நன்றி சொன்னார். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்துக்கு அந்த பஸ்ஸை விட்டே இறங்கியிருப்பேன்.

மேடத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று இருக்கிறேன். எழுதினால் எப்படியாவது அவர் கண்ணில் படும், படித்துவிட்டு அவரே எனக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்பார். ஊரில் அவரை பிளான் மேடம் என்பார்கள். கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிற ஆர்க்கிடெக்ட். ஐம்பதை ஒட்டிய வயது, மெலிந்த உடம்பு, பருத்திப் புடவை, தோளில் ஒரு துணிப்பை, பைக்குள் அளவு டேப்பு. மணலூர்பேட்டைப் பக்கத்தில் பிறந்தவர். நான் டிப்ளமோ சிவில், வடக்கனந்தல்காரன். சைட்டில் நின்று கத்தினால்தான் எனக்கு வேலை செய்த மாதிரி இருக்கும். அவரிடம் சேர்ந்த அன்றைக்கே அதற்கு ஒரு பூட்டுப் போட்டார்.

"யாரையும் நவுருன்னு சொல்லாதீங்க தம்பி. நவுத்தியே ஆவணும்னா நம்ம கோட்ட நவுத்துவோம். கோட்டுக்கு வலிக்காது."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. சம்பளத்துக்கு வந்தவன்தானே, சரி என்று தலையாட்டினேன். அந்த வாக்கியத்தை எத்தனை தடவை கேட்கப் போகிறேன் என்று அப்போது தெரியாது.

அவருடைய அலுவலகம் முதலில் மாடியில் இருந்தது. முழங்கால் தேய்ந்த ஒரு பெரியவர் வீட்டு பிளானுக்காக வந்து, படி ஏற முடியாமல் கீழேயே நின்றுவிட்டார். மேடம் இறங்கிப் போய், நடுரோட்டில், மாட்டுவண்டிக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவில் நின்று வரைபடத்தை விரித்து அவருக்கு விளக்கினார். அன்றிலிருந்து யார் வந்தாலும் இறங்கிப் போய்விடுவார். எல்லாருக்கும் வழி வைக்கச் சொல்கிற நான் மாடியில் உட்கார்ந்திருக்கிறேனே என்று புலம்பிப் புலம்பி, கடைசியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் பின்பக்கம் கீழ்த்தளத்தில் இடம் பிடித்தார். அங்கே வீட்டுக்காரரின் ஸ்கூட்டர் எங்கள் வாசலை மறித்து நிற்கும். கதவு பாதிதான் திறக்கும். ஒரு வார்த்தை சொன்னால் அவர் வண்டியைத் தள்ளி நிறுத்தியிருப்பார். மேடம் தச்சரைக் கூப்பிட்டு, கதவின் கீலை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றினார். "இப்ப ரெண்டு பேருக்கும் சௌகரியம்" என்று என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார். எனக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

அப்படிப்பட்டவரிடம்தான் அந்த விளையாட்டரங்க வேலை வந்தது. ஒரு அறக்கட்டளை கட்டியது. வடக்கனந்தலைத் தாண்டி மலைக்குப் போகிற ரோட்டோரம், கல்லும் சரளையுமாகக் கிடந்த மேட்டு நிலம். மலைப் பிள்ளைகளும் கீழ்நாட்டுப் பிள்ளைகளும் மழை வெயில் பார்க்காமல் ஆட ஒரு பெரிய கூரை வேண்டும் என்றார்கள். கபடி, வாலிபால், இறகுப்பந்து, சிலம்பம் எல்லாவற்றுக்கும் ஒரே தளம். கால் முடியாதவர்கள், கண் தெரியாதவர்கள் எல்லாரும் வந்து ஆட வேண்டும், பார்க்க வேண்டும். கரண்ட் செலவு கம்மியாக இருக்க வேண்டும். இவ்வளவையும் கேட்டுவிட்டு மேடம் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. நல்ல பசியில் இருப்பவர் முன்னால் இலை போட்ட மாதிரி முகம் இருந்தது.

அவர் போட்ட பிளானை இன்றைக்கும் என்னால் குறை சொல்ல முடியாது. ஏசி கிடையாது. கூரைக்கு அடியில் சுற்றிலும் சாய்ந்த பலகைகள் வைத்துச் சூடு மேலே போய்விட வழி செய்தார். வெளிச்சம் வடக்கிலிருந்து வரும், ஆடுகிறவர் கண்ணில் வெயில் அடிக்காது. கூரைத் தண்ணீர் முழுக்க ஒரு குட்டைக்குப் போகும், கழிப்பறைக்கும் செடிக்கும் அந்தத் தண்ணீர்தான். அங்கே தோண்டிய கல்லையே அடிச்சுவருக்கு வைத்தார். சக்கர நாற்காலிக்காரர்கள் உட்கார இடத்தை ஓரத்தில் ஒதுக்காமல், நடு வரிசைகளில் நாற்காலிகளை எடுத்துவிட்டு அங்கே விட்டார். அப்போதுதானே அம்மா அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க முடியும் என்றார். ஒரு சக்கர நாற்காலியை வாடகைக்கு வாங்கி வந்து, அதில் தானே உட்கார்ந்து, என்னைத் தள்ளக்கூட விடாமல், பூச்சு முடியாத தரையெல்லாம் உருட்டிப் பார்த்தார். கழிப்பறைக் கதவில் கை சிராய்த்துக்கொண்டு வந்து அந்தக் கதவை அகலப்படுத்தினார்.

ஆனால் சைட்டில் ஒரு புற்று இருந்தது. பக்கத்து ஊர்க்காரர்கள் மஞ்சள் தெளித்துக் கும்பிடுகிற புற்று. சாமான் அறையின் சுவர் அதன் மேல் வந்தது. பேசினால் அவர்களே பூசை போட்டு வேறு இடம் காட்டியிருப்பார்கள், இந்தப் பக்கத்தில் அப்படி நடக்காத ஊர் இல்லை. மேடம் சுவரை வளைத்தார். அப்புறம் ஆடு ஓட்டிக்கொண்டு போகிற தடம் ஒன்று, அதற்காக மதில் உள்ளே போனது. டீக்கடை வைத்திருந்தவரின் கீற்றுக் கொட்டகைக்காகப் பெரிய கேட்டு பக்கத்தில் தள்ளிப்போனது. கொத்தனார் ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டார்.

"இன்னா மேடம், நாளிக்கு ஒரு கோழி அடைக்கு உக்காந்துச்சின்னா அதுக்கும் ஒரு பில்லர தள்ளி வெப்பீங்களா?"

"எவ்ளோ நாளு உக்காரும்?" என்று கேட்டார் மேடம். கிண்டலுக்குக் கேட்கவில்லை. அவருக்குக் கிண்டல் வராது.

காரணத்தை ஒரே ஒரு தடவை சொன்னார். சைட்டில் மத்தியானச் சாப்பாட்டு நேரம். ஒரு சித்தாள் பெண் தப்பாக எங்கள் பாயில் உட்கார்ந்துவிட, நான் என்னமோ சொல்லிவிட்டேன். அவர் டிபன் டப்பாவை மூடினார். சின்ன வயதில் அவரை அம்மா ஒரு கல்யாணத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாராம். பந்தியில் உட்கார்ந்து, இலை போட்டு, சோறும் வைத்தாகிவிட்டது. ஒருவர் வந்து, நீ இங்கே உட்காரக் கூடாது, கொஞ்சம் எழுந்திரு என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

"அப்புறம் இன்னா ஆச்சு?" என்றேன்.

"எங்கம்மா எந்திரிச்சிட்டாங்க தம்பி. அவ்ளோதான்."

மூடிய டப்பாவை அவர் பைக்குள் வைத்துக்கொண்டார். அந்தச் சித்தாள் பெண்ணிடம் போய் நான் பாயில் உட்காரச் சொன்னேன். அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

கரியாலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தது அந்த நாட்களில்தான். இருபது வயது இருக்கும். பிறவியிலேயே கால்கள் வளரவில்லை, தோள்கள் நல்ல உறுதி. தரையில் உட்கார்ந்தபடியே ஆடுகிற வாலிபால் அணியில் ஆடிக்கொண்டிருந்தாள். அரங்கத்தில் உங்களுக்கு என்னென்ன வேண்டும் என்று மேடம் அவளிடம் கேட்டார். நாங்கள் பெரிய பட்டியலாக வரும் என்று எதிர்பார்த்தோம். அவள் ஒன்றே ஒன்றைத்தான் சொன்னாள்.

"என்ன யாரும் தூக்கக் கூடாது மேடம்."

பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தபடியே சொன்னாள். ஜீப்பில் ஏற்றத் தூக்குகிறார்கள், பள்ளிக்கூடப் படியில் தூக்கினார்கள், ஆஸ்பத்திரியில் தூக்குகிறார்கள், கோயிலில் தூக்குகிறார்கள். "எல்லாரும் நல்லவங்கதான். ஆனா எங்க புடிச்சித் தூக்குறோம்னு பாக்க மாட்டாங்க. கேட்டாலும் ஒதவி பண்றோம்மா, சும்மா இருன்னுவாங்க." இதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை, மேடத்தை மட்டும் பார்த்தாள். நான் எழுந்து தண்ணீர் எடுக்கிற சாக்கில் வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தபோது மேடம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தக் கட்டடத்துல உன்ன யாரும் தூக்க மாட்டாங்க. அது என் பொறுப்பு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மலைத்தண்ணீர் இறங்கி ஓடுகிற இடம் என்பதால் தளத்தைத் தரையிலிருந்து உயர்த்தித்தான் கட்ட வேண்டியிருந்தது. முன்பக்கம் படி. தெற்குச் சுவரை ஒட்டி நீளமான சாய்தளம். அவ்வளவு மெதுவாக ஏறுகிற சாய்தளத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கையால் சக்கரம் உருட்டுகிற ஒரு பெண் மூச்சு வாங்காமல் ஏற வேண்டும் என்பதற்காக அதை மறுபடி மறுபடி நீட்டினார். கீழ்ப்பாதி வெயிலில் இருக்கும், மேல்பாதிக்குக் கூரை உண்டு. அந்தப் பெண் வந்து ஏறிப் பார்த்தாள். மேலே போய் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

சுவர் எழுந்த பிறகுதான் மேடத்துக்கு ஒரு விஷயம் தெரியவந்தது. அந்தச் சரளை மேடு பக்கத்துக் காலனிப் பெண்களுக்குக் களம். சொந்த நிலம் இல்லாதவர்கள். குத்தகைக்கும், விளைச்சலில் பங்கு கொடுக்கிற வாரத்துக்கும் மக்காச்சோளம் போடுகிறவர்கள். உதிர்த்த சோளத்தைக் காயவைக்க அவர்களுக்கு அந்த மேட்டை விட்டால் தார்ரோடுதான். ரோட்டில் காயவைத்தால் லாரி ஏறும், போலீஸ் விரட்டும். என் சித்தியும் அவர்களில் ஒருத்தி. எனக்கு இது தெரியும். ஊரில் யாருக்குத்தான் தெரியாது? இதையெல்லாம் ஒரு விஷயமாகச் சொல்ல வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மேடத்துக்கு அது பெரிய அடி. ஆட்டுக்கும் புற்றுக்கும் கோடு வளைத்தவர், தெரியாமல் ஒரு காலனியையே உட்கார்ந்த இடத்திலிருந்து எழுப்பிவிட்டிருக்கிறார். இரண்டு நாள் சைட்டுக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்தபோது சாய்தளம் இரண்டு மடங்கு அகலமாகியிருந்தது, காகிதத்தில்.

நடுவில் ஒரு சின்னச் செங்கல் தடுப்பு. இந்தப் பக்கம் சக்கரம், அந்தப் பக்கம் சோளம். சிமெண்டுத் தளம், நல்ல வெயில், சரிவாக இருப்பதால் தண்ணீர் தேங்காது. சோளம் காய அதைவிட நல்ல இடம் நினைத்தாலும் கிடைக்காது. அறக்கட்டளைக்காரர் இது எதற்கு என்று கேட்டார். "பல்நோக்கு அரங்கம்னுதானே சார் கேட்டீங்க, இதுவும் ஒரு நோக்கம்தானே" என்றார் மேடம். அவர் சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டார். எங்கள் சித்தி மேடத்தின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மேடம் கூசிப்போய் கையை இழுத்துக்கொண்டார். நான்கூட அன்றைக்கு, இந்த அம்மா செய்கிற கிறுக்குத்தனம் கடைசியில் ஒரு நல்ல காரியத்தில் போய் முடிகிறதே என்று மனசுக்குள் மெச்சினேன்.

ஒன்று மட்டும் கேட்டேன். தடுப்பைத் தாண்டிக் கொட்டினால் யார் சொல்வது என்று. போர்டு வைக்கலாம், அல்லது சித்தியிடம் இப்போதே ஒரு வார்த்தை சொல்லி வைக்கலாம் என்றேன். "களத்த எடுத்துக்கினதும் நாம, இதுல சட்டம் பேசுறதும் நாமளா? அவங்களுக்கே தெரியும் தம்பி" என்றார். தெரியும்தான். ஆனால் சோளத்துக்கு எல்லை தெரியாது. ஒருநாள் தடுப்பின் மேல் வழிந்தது, அடுத்த வாரம் சக்கரம் போகிற பக்கமும் ஒரு சாக்கு விரிந்தது. மேடம் பார்த்துவிட்டு, சோளத்தின் மேல் கால் படாமல் சுவரோரமாக நடந்து போனார். நான் வாயைத் திறப்பதற்குள் முழங்கையைத் தொட்டார்.

முதல் போட்டி நடந்த நாள் அறுவடை முடிகிற சமயம். உட்கார்ந்து ஆடுகிற வாலிபால்தான் முதல் ஆட்டம். மேடம் கேட்டு அப்படி வைத்திருந்தார்கள். காலையில் நல்ல வெயில், சாய்தளத்தின் பாதி முழுக்கச் சோளம் மஞ்சளாகக் கிடந்தது. பத்து மணிக்கு மேல் மலைப்பக்கம் கறுத்தது. மழை வந்தால் இந்தப் பக்கத்தில் சொல்லிவிட்டா வருகிறது? நாலு துளி விழுந்ததுமே பெண்கள் ஓடிவந்து, கிடைத்த முறத்தாலும் தட்டாலும் கையாலும் சோளத்தை வாரி, கூரை இருந்த மேல்பாதிக்குத் தள்ளினார்கள். தடுப்பு என்ன, பாதை என்ன? கூரைக்குக் கீழே இருந்த இடம் முழுக்க, கதவு வரைக்கும், முழங்கால் உயரத்துக்குச் சோளம். நனைந்தால் கறுத்துவிடும், வியாபாரி கையில் தொட மாட்டான். அந்த வருஷத்துச் சாப்பாடு அது. அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு அன்றைக்கும் வாய் வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை.

அப்போதுதான் அணியின் வேன் வந்து நின்றது. அந்தப் பெண் தானாகவே பலகையில் சறுக்கி நாற்காலிக்கு வந்தாள், தானாகவே உருட்டிக்கொண்டு சாய்தளத்தின் அடிக்கு வந்தாள், மேலே பார்த்தாள். மழை அவள் தலையில் விழுந்துகொண்டிருந்தது. மேடம் குடையோடு ஓடிவந்து அவளுக்குப் பிடித்தார். இரண்டு பேரும் சோளத்தைப் பார்த்தார்கள். சோளத்துக்கு அந்தப் பக்கம் பெண்கள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள். ஒரு நாற்காலி போகிற அகலத்துக்கு வாரி ஒதுக்கினால் போதும். அதைச் சொல்ல வேண்டியவர் மேடம்தான். அவர் வாய் திறந்ததை நான் பார்த்தேன். உதடு ஏதோ வார்த்தைக்குக் குவிந்தது. சித்தியின் நனைந்த முகத்தைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டார்.

நானும் சொல்லவில்லை. பிற்பாடு எவ்வளவோ யோசித்துப் பார்த்திருக்கிறேன். அவர் போட்ட பூட்டா, அல்லது சித்தியிடம் கெட்ட பேர் வாங்க எனக்கே மனசில்லையா, தெரியவில்லை. இதற்குள் உள்ளேயிருந்து ஒருவர் வந்து, மேடையில் எல்லாரும் காத்திருக்கிறார்கள், பிள்ளை நனைகிறதே, என்ன வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள் என்று சத்தம் போட்டார். அந்தப் பெண் "நான் காத்துக்கினு இருக்கறேன், பரவால்ல" என்றாள். அவள் சொன்னது எனக்குக் காதில் விழுந்தது. விழுந்தும், மூன்று பேர் நாற்காலியைப் பிடித்தபோது நாலாவது ஆளாக நான் பிடித்தேன். முன்பக்கப் படி வழியாகத் தூக்கினோம். ஈரத்தில் ஒருவனுக்குக் கால் வழுக்கியது, நாற்காலி சாய்ந்தது, அவள் விழாமல் இருக்க அவளைப் பிடித்தோம். எங்கே பிடித்தோம் என்று பார்க்கவில்லை.

உள்ளே நுழைந்ததும் கூட்டம் முழுக்க எழுந்து கைதட்டியது. நல்லவர்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டினவர்களும் உண்டு, செல்போனில் படம் எடுத்தவர்களும் உண்டு. அவள், நாங்கள் இறக்கிவிட்ட இடத்தில் துப்பட்டாவைச் சரி செய்துகொண்டு, கைதட்டல் அடங்கும் வரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நன்றாகவே ஆடினாள். ஜெயித்தார்கள். மழை விட்டு, சோளம் கீழே இறங்கி, சாய்தளம் காலியான பிறகு, அவள் அதன் வழியாக யார் துணையும் இல்லாமல் உருண்டு இறங்கிப் போனாள். மேடம் கீழே நின்றிருந்தார். அவள் கோபப்படவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அவங்கள நவுரச் சொல்றது கஷ்டம். என்னத் தூக்குறது சுலபமா மேடம்?"

பதில் எதிர்பார்த்தும் கேட்கவில்லை. வேனில் ஏறிப் போய்விட்டாள். மேடம் குடையை மடிக்காமல் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அவர் அலுவலகத்துக்கு வந்தார், உட்கார்ந்தார், கோடு ஒன்றும் போடவில்லை. டீ ஆறிப்போகும். இடையிடையே தனக்குத்தானே, "அவ கிட்ட சொன்னேனே" என்பார். நான் ஆறுதலுக்கு, மழை வரும் என்று யாருக்குத் தெரியும் என்பேன். "கூர போட்டவளுக்கு மழ தெரியாதா தம்பி?" என்பார். யாரையும் எழுப்பக் கூடாது என்று இருந்த ஒரு மனுஷி, எழவே முடியாத ஒருத்தியை நாலு பேரைக் கொண்டு எழுப்பவைத்துவிட்டோம் என்று உள்ளுக்குள் குமைந்துபோனார். அந்த 'நாலு பேரில்' ஒருவனுக்குத்தான் அதைச் சொல்கிறோம் என்பதை மறந்து, வாய்விட்டும் சொல்வார். பிறகு நினைவு வந்து என்னிடம் மன்னிப்புக் கேட்பார். எனக்கு அதுதான் தாங்காது.

ஒருநாள் காலையில், சைட்டுக்குப் போகலாம், வாங்க என்றார். போனோம். நல்ல வெயில். வழக்கம்போலச் சாய்தளம் முழுக்க, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்க்காமல், சோளம். சித்தியும் இன்னும் சில பெண்களும் காலால் அளைந்து திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார்கள். என்னை கேட்டுக்கு வெளியிலேயே நிற்கச் சொன்னார். "நீங்க கத்திடுவீங்க" என்றார். தனியாக உள்ளே போனார். சோளத்தின் ஓரத்தில் போய் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். பை தோளிலிருந்து நழுவ நழுவ ஏற்றிவிட்டுக்கொண்டார். அவர் கழுத்து வேர்த்திருந்தது கேட்டிலிருந்தே தெரிந்தது. சித்தி நிமிர்ந்து, "இன்னாம்மா வெய்ய‌ல்ல நின்னுக்கினு?" என்று கேட்டாள். மேடம் என்னமோ சொன்னார், காதில் விழவில்லை. சித்தி "ஆங்?" என்றாள். அவர் மறுபடி சொன்னார். இந்தத் தடவை எனக்கும் கேட்டது.

"கொஞ்சம் நவுந்துக்கிறீங்களா? இந்தப் பக்கம் வண்டி வரணும்."

யாரோ அவர் அம்மாவின் முன்னாலிருந்து இலையைப் பிடுங்குகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

சித்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். "இவ்ளோதானா? நவுந்துக்கினாப் போச்சு. இதுக்கா இம்மா நேரம் நின்னுக்கினு கீறீங்க?" என்றாள். மற்றவர்களைப் பார்த்து, "ஏய், வாருங்கடி அந்தாண்ட" என்று குரல் கொடுத்தாள். முறத்தை எடுத்தார்கள், துடைப்பத்தை எடுத்தார்கள். சளசளவென்று பேசிக்கொண்டே வாரினார்கள். ஒருத்தர் முகமும் சுருங்கவில்லை. ஒரு டீ குடிக்கிற நேரத்தில் தடுப்புக்கு இந்தப் பக்கம் வெறும் சிமெண்டு தெரிந்தது. கேட்பது வேறு, விரட்டுவது வேறு. இது சித்திக்குத் தெரிந்திருக்கிறது. பெருக்கி முடித்துவிட்டு, அவள் மேடத்தின் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா வாரிக் குமிச்சிருப்பமேம்மா. வாயத் தொறக்காம அந்தப் பொண்ணத் தூக்க வுட்டுட்டீங்களே. நாங்களும் பாத்துக்கினே இருந்துட்டம். அதுலேர்ந்து எனக்குத் தூக்கமே புடிக்கல."

மேடம் அப்படியே சாய்தளத்தில் உட்கார்ந்துவிட்டார். சித்தியும் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே போனேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "இவ்ளோதானாமே தம்பி" என்றார். அழவில்லை. அழுதிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அன்று மாலையே நான் அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். பாதை காலியாக இருக்கிறது, இனிமேல் எப்போதும் காலியாகவே இருக்கும், வந்து ஆடம்மா என்றேன். தூக்கியதற்கு மன்னிப்பும் கேட்டேன். அவள் மரியாதையாகத்தான் பேசினாள். சேலத்தில் ஒரு இடத்தில் பயிற்சிக்குப் போகிறாளாம். அங்கே வெறும் பழைய தகரக் கொட்டகைதானாம், ஆனால் தரையோடு தரையாக இருக்கிறதாம். "ஒங்க அரங்கத்துக்கு வந்தா எனக்கு அந்தக் கைதட்டல்தாண்ணா கேக்கும்" என்றாள்.

மேடம் அலுவலகத்தை மூடிவிட்டுக் கூடப்பிறந்த தம்பி வீட்டோடு கோயம்புத்தூர் போய்விட்டார். அரங்கத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை இப்போது என்னிடம் இருக்கிறது. கபடி நடக்கிறது, சிலம்பம் நடக்கிறது, குட்டையில் தண்ணீர் நிற்கிறது, ஆடுகள் அவற்றின் தடத்தில் போகின்றன. அறுவடைக் காலத்தில் சித்தி காலையிலேயே முதல் ஆளாக வந்து உட்கார்ந்துவிடுகிறாள். வெளியூர்க்காரி யாராவது தெரியாமல் தடுப்பைத் தாண்டிச் சாக்கை விரித்தால், "அது வண்டி வர்ற எடம், இந்தாண்ட வா" என்று கூப்பிட்டுத் தன் பக்கத்தில் இடம் கொடுக்கிறாள். பாதையில் சிதறுகிற சோளத்தைக் குனிந்து பொறுக்கிவிடுகிறாள்.

மேடம் எப்போதாவது போன் செய்வார். சௌக்கியமா என்பதற்கு முன்னால், "வந்தாளா தம்பி?" என்று கேட்பார். இன்னும் இல்லை மேடம் என்பேன். "வழி இருக்குல்ல?" என்பார். இருக்கிறது, காலியாகத்தான் இருக்கிறது என்பேன்.